ஞாயிற்றுக்கிழமை எழுதிய புதன்கிழமை

அந்தக் கட்டடத்தில் அவனுக்கு வலைக்காரன் என்று பெயர் வைத்தவர் கீழே கடை போட்டிருக்கும் தையல்காரர். கடை திறந்த புதிதில், "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று அவர் கேட்டார். வலைத்தளம் செய்து கொடுப்பதாக இவன் சொன்னான். "எந்தக் கம்பெனி?" என்றார். "கம்பெனி எல்லாம் இல்ல, நான் மட்டும்தான்." தையல்காரர் ஊசியில் நூலைக் கோத்தபடி யோசித்துவிட்டு, "அப்ப நீங்களும் என்னை மாதிரிதான். அளவு எடுக்கறதும் நாமதான், தைக்கறதும் நாமதான், சரியில்லன்னு திட்டு வாங்கறதும் நாமதான்" என்றார். அன்றிலிருந்து ஏறும்போதும் இறங்கும்போதும் வலைக்காரரே என்றுதான் கூப்பிடுவார். இவனுக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், வலைக்காரனின் அப்பா முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிக் கட்டடங்களை மேலும் கீழும் ஓடவைத்த மனிதர், தன் வீட்டுக்கு ஐம்பத்து நாலு படி ஏறி வந்துகொண்டிருந்தார். யாராவது கேலி பண்ணினால், "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் படியில போறேன்" என்பார்.

அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது. வீட்டில் மூன்று பேர்தான். மனைவிக்குக் கண்ணாடிக்கடையில் வேலை. காலையில் மூன்று முட்டையை வேகவைத்து, ரொட்டியை வாட்டி வைத்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர ஏழாகிவிடும். அதுவரை வீட்டில் அப்பாவும் பிள்ளையும்தான். அப்பா உள்ளறையில், பிள்ளை பால்கனி ஓரத்து மேஜையில். மேஜை ஆடாமல் இருக்க ஒரு காலுக்குக் கீழே அட்டையை மடித்துக் கொடுத்திருக்கும். இரண்டு திரை, ஒரு லேப்டாப், ஆறிப்போன டீ. அந்த மாதங்களில் அவன் ஒரு செருப்புக்கடைக்கு வலைத்தளம் செய்துகொண்டிருந்தான். எல்லா போனிலும் வேலை செய்த 'வாங்கு' பட்டன் கடைக்காரரின் மனைவி வைத்திருந்த பழைய போனில் மட்டும் அழுந்தவில்லை. அந்த அம்மாவின் போனில் அழுந்தாத பட்டன் உலகத்தில் யார் போனில் அழுந்தினாலும் பிரயோசனமில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஒன்பது நாள் அந்தப் பட்டனோடு அவன் மல்லுக்கட்டினான்.

அவனுக்கு என்று ஒரு சொந்தப் பக்கமும் இருந்தது. ஊருக்கெல்லாம் தளம் கட்டுகிறவனுக்குச் சொந்தமாக ஒன்று வேண்டாமா என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் விளையாட்டாக ஆரம்பித்தது. தினமும் ஐந்தாறு வரி. என்ன வேலை பார்த்தான், பால்கனிச் செடி எப்படி இருக்கிறது, அப்பா என்ன செய்தார். அதன் அடியில், பால்கனியில் அவனே செய்து மாட்டிய சின்ன வானிலைப் பெட்டியின் கணக்கு தானாக வந்து விழும். வெயில் எத்தனை டிகிரி, மழை எத்தனை மில்லிமீட்டர். புனலில் விழுகிற மழை ஒரு சின்னக் கரண்டியை நிரப்பிக் கவிழ்க்கும். எத்தனை தடவை கவிழ்ந்தது என்று பெட்டி எண்ணிக்கொள்ளும். செருப்புக்கடைப் பட்டன் படுத்திய பாட்டுக்கு இந்தக் கரண்டி கவிழும் சத்தம் ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல்.

அந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருத்தி அக்கா. கடல் தாண்டி ஒரு விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைத் திரையில் பார்த்து அனுப்பும் வேலை அவளுக்கு. முன்பெல்லாம் தினமும் கூப்பிடுவாள். அப்பாவோடு அவள் பேசுவது "சாப்டீங்களா", "சாப்டேன்", "நீ சாப்டியா" என்பதோடு முடிந்துவிடும். பக்கம் வந்த பிறகு அந்தக் கேள்விக்கும் அவசியம் இல்லாமல் போனது. தினமும் காலை எட்டு மணிக்குப் பக்கம் வரும். அப்பா பூங்காவில் இரண்டு சுற்று நடந்தார், ஒரு முட்டை சாப்பிட்டார், பழைய கதை ஒன்று சொன்னார். படித்துவிட்டு அவள் தன் நாளைப் பார்க்கப் போய்விடுவாள். போன் வாரத்துக்கு ஒருமுறை என்று ஆகி, பிறகு மாதத்துக்கு இரண்டு என்று ஆனது.

இனி சொல்லப்போவதுதான் அவன் செய்த காரியம். செருப்புக்கடை வேலை கழுத்தைப் பிடித்தபோது, தினமும் உட்கார்ந்து எழுத அவனுக்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வரப்போகிற வாரம் முழுவதற்கும் ஒரே மூச்சில் எழுதிவிடுவான். நேரம் குறித்து வைத்துவிட்டால் ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கு அதுவே வெளியாகும். மனைவிக்குக்கூட இது தெரியாது. அவனைக் கேட்டால் இதில் என்ன தப்பு என்றிருப்பான். அப்பாவின் நாள் ஒன்றுபோலத்தானே இருக்கிறது. திங்கட்கிழமை நடந்தவர் புதன்கிழமை நடக்க மாட்டாரா? நாலு மாதம் இப்படி ஓடியது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, வழக்கம்போல நடைக்குக் கிளம்பிய அப்பா இரண்டாவது மாடி வளைவில் விழுந்தார். சத்தம் கேட்டு வலைக்காரன் வெறுங்காலோடு ஓடினான். அப்பா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு ஷூ கழன்று நாலு படி கீழே கிடந்தது.

"ஒண்ணும் இல்ல. கால் தடுக்கிடுச்சு."

"எந்திரிங்கப்பா, பாப்போம்."

"எந்திரிக்க முடிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்?"

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மறுநாள் மத்தியானம் ஆபரேஷன் என்றார்கள். வயசு எழுபத்தாறு, இதயம் கொஞ்சம் தளர்ச்சி, பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்றார் டாக்டர்.  எட்டரைக்கு அக்காவைக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. ஒன்பதே காலுக்கு மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை. பார்த்தால் கூப்பிடுவாள் என்று விட்டுவிட்டான். பிறகு எக்ஸ்ரே எடுக்க ஓடினான், ரத்தத்துக்குச் சொல்லிவைக்க ஓடினான், கையெழுத்துப் போட ஓடினான். சாயங்காலம் வரை அவள் கூப்பிடவில்லை.

"ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கேன்" என்று மனைவியிடம் பொருமினான். "மிஸ்டு கால் கண்ணுல படாமலா இருக்கும்? திரும்பக் கூப்பிட ஒரு நிமிஷம் இல்ல அவளுக்கு."

"இன்னொரு தடவை கூப்பிடுங்க."

"ஏன், நான்தான் கூப்பிடணுமா? அப்பா எனக்கு மட்டுமா?"

புதன்கிழமை காலையிலிருந்து மழை. ஆபரேஷனுக்குத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது அப்பா கேட்டார், "அக்கா என்ன சொன்னா?"

"கூப்பிட்டேன்பா. இன்னும் பேசல."

"வேலையில இருப்பா. அங்க போனப் பூட்டி வச்சுடுவாங்க." என்றார் அப்பா. "நேரம் கெடச்சா கூப்பிடுவா."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் வரை அவர் கண் பிள்ளையின் கையில் இருந்த போனிலேயே இருந்தது. கதவு மூடியதும் வலைக்காரனுக்கு அக்கா மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அப்பா நாலு வாய் கஞ்சி குடித்தார். அன்றைக்குத்தான் மனைவி, "உங்க வீறாப்பு எல்லாம் அப்புறம் வச்சுக்குங்க. அண்ணிகிட்ட நானே பேசறேன்" என்று ஆஸ்பத்திரி நடையில் நின்று கூப்பிட்டாள். மணி மூன்றாவது முறை அடித்ததும் அக்கா எடுத்தாள். அவனும் கேட்கட்டும் என்று மனைவி போனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அண்ணி, பயப்படாதீங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. மாமா கண்ணு முழிச்சுட்டார்."

"எந்த ஆபரேஷன்?" என்றாள் அக்கா. "இன்னைக்குக் காலையில ரெண்டு சுத்து நடந்துட்டு முட்டை சாப்டாரே."

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. வலைக்காரனுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். மூன்று நாளாக அந்தப் பக்கத்தின் ஞாபகமே அவனுக்கு வரவில்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சரியாக எட்டு மணிக்கு அதில் அப்பா நடந்திருந்தார்.

அக்கா செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேலையிடத்துப் பெட்டகத்தைத் திறந்து போனை எடுத்தபோது தவறிய இரண்டு அழைப்பையும் பார்த்திருக்கிறாள். பதறித்தான் போனாள். உடனே பக்கத்தைத் திறந்தாள். அப்பா நடந்திருந்தார், சாப்பிட்டிருந்தார். அப்படியானால் தம்பி வேறு ஏதோ சின்ன விஷயத்துக்குக் கூப்பிட்டிருப்பான், ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று மனசு ஆறி, அடுத்த ஷிஃப்ட் வேலைக்கும் போய்விட்டாள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள், "தம்பி பக்கத்துல இருக்கானா?" என்று கேட்டாள்.

"இருக்கேன்கா."

"எப்ப எழுதின அதை?"

"ஞாயித்துக்கிழமை."

 அக்கா போனை அணைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாற்றுத்துணி எடுக்க வலைக்காரன் வீட்டுக்கு வந்தான். அதற்குள் பக்கத்தை நிறுத்தியிருந்தான். படியேறப் போனவனைத் தையல்காரர் மறித்தார்.

"பெரியவர் எப்ப வருவார் வலைக்காரரே? அவர் முக்காலி காலியாக் கெடக்கு, கடையே வெறிச்சுனு இருக்கு."

"எந்த முக்காலி?"

தையல்காரர் கடைக்குள் கை காட்டினார். துணி வெட்டும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. மேலே தைத்து மிஞ்சிய துணியில் ஒரு மெத்தை போட்டிருந்தது.

"ரெண்டு மாசமா காலையில இங்கதானே உக்காருவார். பூங்காவுக்கு எங்க போனார்? கால் தள்ளாடுது, முட்டி பிடிக்குதும்பார். நான் கடையத் தெறக்கறப்ப வந்து உக்காந்தா முக்கால் மணி நேரம் பேசிட்டிருந்துட்டு மேல ஏறுவார். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

வலைக்காரன் தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் படியேறினான். இரண்டாவது மாடி வளைவில் நின்றான். ஆக, அப்பா விழுந்த பிறகு வந்த மூன்று குறிப்புகள் மட்டுமே பொய் என்றில்லை. அதற்கு முன்னால் இரண்டு மாதம் எழுதியதும் பொய். ஒரே கூரையின் கீழே, பத்தடி தூரத்தில் இருந்த மனிதரை அவன் இரண்டு மாதமாகப் பார்க்கவே இல்லை. அந்த வளைவிலேயே உட்கார்ந்து அழுதான். யாரும் வரவில்லை, நல்லவேளை.

சனிக்கிழமை காலை அக்கா விமானத்திலிருந்து இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தம்பி பையை வாங்கக் கை நீட்டினான். கொடுக்காமல் உள்ளே போனாள். அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விசும்பினாள்.

"என்னம்மா, நல்லாத்தான் இருக்கேன். லிஃப்டுல கம்பி மாத்தற மாதிரி மாத்திட்டாங்க" என்றார் அப்பா. "ஏன் அவன்கிட்ட பேச மாட்டேங்கற?"

அக்கா போனை எடுத்தாள். பக்கத்தைத் தம்பி நீக்கியிருந்தாலும் அவள் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். "புதன்கிழமை. இன்று நல்ல வெயில். அப்பா பூங்காவில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து பால்கனியில் உட்கார்ந்தார். ஒரு முட்டை சாப்பிட்டார். பழைய ஓட்டல் லிஃப்ட் கதையை மறுபடி சொன்னார்." நிமிர்ந்தாள். "கீழே என்ன போட்டிருக்கு தெரியுமாப்பா? மழை, முப்பத்தொரு மில்லிமீட்டர். மேல வெயில்னு இருக்கு, கீழ மழைன்னு இருக்கு. ஒரு நாளைக்கு ஆயிரம் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கறவ நான். இதப் பாத்தும் எனக்குத் தோணல."

"அந்த வாரம் அதுல நெஜமா இருந்தது மழை மட்டும்தான் அண்ணி" என்று மனைவி மெல்லச் சொன்னாள்.

"நான் திரும்பக் கூப்பிட்டிருப்பேன்டா" என்று அக்கா முதன்முறையாகத் தம்பியைப் பார்த்தாள். "ரெண்டு மிஸ்டு காலைப் பாத்துட்டு உடனே கூப்பிட்டிருப்பேன். ஆபரேஷனுக்கு முன்னாடி அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பேன். உன் பக்கம்தான் வேணாம்னுச்சு. ஏதாவது ஆயிருந்தா நான் யாரைக் கேக்கறது?"

 "தப்புதான்கா" என்றான். அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று அவனுக்கே தெரிந்தது.

அப்பாவுக்கு வேறு கவலை. "எல்லா நாளும் ஞாயித்துக்கிழமையே எழுதிடுவியா?" என்று கேட்டார்.

"நாலு மாசமா."

"அப்ப நான் தினமும் மத்தியானம் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிச்சேனே, அது நீ அன்னைக்கு எழுதினது இல்ல."

"இல்லப்பா." அவன் கட்டிலுக்குக் கிட்டே வந்தான். "நீங்களும்தான் ரெண்டு மாசமா நடக்கல. தையல்காரர் சொன்னார். ஏம்பா எங்கிட்ட சொல்லல?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"சொல்லலாம்னுதான் அன்னைக்கு வந்தேன். நீ அந்தப் பட்டனோட போராடிக்கிட்டிருந்தே. மத்தியானம் படிச்சா, நான் ரெண்டு சுத்து நடந்தேன்னு போட்டிருந்தே. உங்கக்காவும் படிப்பா. சரி, அதுல ஒருத்தன் நல்லா நடந்துட்டுதானே இருக்கான், இருக்கட்டும்னு விட்டுட்டேன்." போர்வையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "உன்னச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. லிஃப்ட் மெஷின் ரூம்ல ஒரு அட்டை தொங்கும். மாசாமாசம் மேல ஏறிக் கம்பி, பிரேக்கு எல்லாம் பாத்துட்டு அதுல கையெழுத்துப் போடணும். உங்கம்மா முதல் தடவை முடியாமப் படுத்திருந்த வருஷம், ஒரு ஆறு மாடிக் கட்டடத்துல, ஒரே நாள்ல வரப்போற மூணு மாசத்துக்கும் போட்டுட்டு வந்துட்டேன். நல்லா ஓடற லிஃப்டுதானேன்னு."

"அப்புறம்?"

"மூணாவது மாசம் நின்னுபோச்சு. உள்ள ஒரு அம்மா, ரெண்டு மணி நேரம். வெளிய எடுத்ததும் எனக்கு நன்றி சொன்னாங்க. அட்டையில என் கையெழுத்து தொங்குது, அந்த அம்மா எனக்கு நன்றி சொல்றாங்க." அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "இத்தனை வருஷம் யாருகிட்டயும் சொன்னதில்ல."

 அடுத்த கட்டிலுக்குச் சாப்பாட்டுத் தட்டு வந்தது. கொஞ்சம் கழித்து அக்கா தன் பையைத் தம்பி பக்கம் நகர்த்தி, "இதை ஓரமா வை" என்றாள்.

பத்து நாள் அக்கா இருந்தாள். தையல்காரரும் இன்னொருவரும் சேர்ந்து அப்பாவை நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி ஏற்றினார்கள். "லிஃப்டு வந்தாச்சு பெரியவரே, கதவ மூடிக்குங்க" என்று தையல்காரர் மூச்சுவாங்கச் சொல்ல, அப்பாவுக்கு அப்போதுதான் நிஜமாகச் சிரிப்பு வந்தது. செருப்புக்கடைக்காரரிடம் இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்று வலைக்காரன் சொல்லிவிட்டான். அவர் கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டான்.

கிளம்பும் நாளில் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இனிமே நான் கூப்பிட்டுப் பேசிக்கறேன். உன் பக்கத்தை நான் படிக்கப் போறதில்ல."

"நேரம் குறிச்சு வைக்கற வேலைய எடுத்துட்டேன்கா. இனிமே கையாலதான்."

"எடுத்துக்கோ. நான் படிக்கல."

அவள் ஊர் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள். எட்டு மணி ஆனது. வலைக்காரன் மேஜையில் உட்கார்ந்திருந்தான், திரையில் ஒரு எழுத்தும் இல்லை. பால்கனியில் வானிலைப் பெட்டி மட்டும் தன் கணக்கைப் போட்டுவிட்டு அமைதியாக இருந்தது. எட்டு ஐந்துக்குப் போன் அடித்தது. அக்கா.

"என்னாச்சு? பக்கம் இன்னும் வரல?"

படிக்கப்போவதில்லை என்றாயே என்று கேட்க அவன் வாய்வரை வந்தது. கேட்கவில்லை. "அப்பா இன்னும் எந்திரிக்கலக்கா. எந்திரிச்சாத்தானே எழுத முடியும்."

"சரி. போனை வைக்காத. நான் இருக்கேன்."

போனை மேஜையில் வைத்தான். அந்தப் பக்கம் அக்கா டீ குடிக்கிற சத்தம் கேட்டது. சமையலறையில் முட்டை கொதித்துக்கொண்டிருந்தது.  எட்டேகாலுக்கு உள்ளறைக் கட்டில் முனகியது. அவன் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றார் அப்பா, எப்போதும்போல.

வேறு நாளாக இருந்தால் அவன் திரும்பிப் போயிருப்பான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அப்பா அவனைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். இவன் எழுந்து போகிறவனாக இல்லை என்று தெரிந்ததும், "இடது கால் விடியற வரைக்கும் குடைஞ்சது. தூக்கமே இல்ல" என்றார்.

"நடக்க வேணாமா இன்னைக்கு?"

"கதவு வரைக்கும் போய்ப் பாப்போம். முடியலன்னா திரும்பிடுவோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதையா எழுதப் போற?"

"அதைத்தான்."

"அப்ப இன்னொண்ணும் எழுது. எனக்கு முட்டை பிடிக்கல. ரொம்ப நாளாவே பிடிக்கல. நீ எழுதியிருக்கியேன்னு சாப்டுட்டிருந்தேன்."

போனுக்குள் அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நடுவில் அழுவதும் கேட்டது. சமையலறையில் மனைவி அடுப்பை அணைத்தாள். வலைக்காரன் மேஜைக்கு வந்து, எட்டு இருபத்தைந்துக்கு, அன்றைக்கு உள்ளதை எழுத ஆரம்பித்தான்.